இலையுதிர்காலக் காட்டில் தொங்குபடுக்கை: முதுகுப் பக்கக் குளிரை எப்படித் தடுப்பது?

புளியங்குளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற புரட்டாசியில் கனடா செல்ல இருக்கிறேன். ஒன்ராறியோவில் வசிக்கும் என் மைத்துனரும் நானும் புறூஸ் ட்ரெயில் என்னும் நடைபாதையின் வடபகுதியை ஒக்ரோபரில் நடந்து, ரொபர்மோரி என்னும் ஊரில் முடிப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். நயாகராவுக்கு அருகிலுள்ள குயின்ஸ்ரனில் தொடங்கும் அந்தப் பாதை ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளமானது. முழுவதையும் நடக்க எங்களுக்கு விடுப்பும் இல்லை, முழங்காலும் இல்லை.

தங்குவதற்குக் கூடாரம் வேண்டாம், தொங்குபடுக்கையே போதும் என்பது மைத்துனரின் விருப்பம். பழகிப் பார்க்கலாம் என்று பரசூட் துணியில் தைத்த ஒன்றை வாங்கி, முற்றத்து மாமரத்துக்கும் வேம்புக்கும் நடுவே கட்டி, இந்த மார்கழியில் அதில் படுத்து வருகிறேன். மேலே இரண்டு போர்வை போர்த்தும் நள்ளிரவுக்குப் பின் முதுகும் இடுப்பும் விறைத்துவிடுகின்றன. அந்த நேரத்தில் வெப்பமானி 21 பாகை செல்சியஸ் காட்டுகிறது. வன்னியிலேயே இந்தக் கூதல் என்றால், 5 பாகைக்கும் அதற்குக் கீழும் இறங்கும் இடத்தில் என்ன செய்வது? இன்னும் தடித்த போர்வை ஒன்றை வாங்கினால் சரியாகுமா?

ஓமந்தை மருதமரம் எழுதியது:

தம்பி, மேலே எத்தனை போர்வையைக் கூட்டினாலும் இது தீராது. நான் ஒன்ராறியோவில் பல வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அங்கே இருந்தபோது இலையுதிர்காலத்தில் இந்தப் படுக்கையிலேயே காட்டில் தங்குவது என் வழக்கம்.

உடலின் சூட்டைக் காப்பது துணியோ பஞ்சோ அல்ல. அவற்றுக்குள் அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்றுத்தான். மேலே கிடக்கும் போர்வை பொங்கி நிற்பதால் அந்தக் காற்று அதற்குள் தங்குகிறது. உங்களுக்கு அடியில் மடிந்து கிடக்கும் போர்வையோ உங்கள் நிறையினால் அப்பளம்போல நசுங்கி, காற்றை இழந்து, வெறும் துணியாகிவிடுகிறது. நிலத்தில் படுப்பவருக்கு அடியில் மண் இருக்கிறது. அது குளிர்ந்தாலும் ஓடுவதில்லை. தொங்குபடுக்கைக்கு அடியில் ஓடுவது காற்று. உங்கள் முதுகு சூடாக்கிய காற்றை அது உடனுக்குடன் கொண்டுபோய்விட்டு, புதிய குளிர்காற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இதனால்தான் 20 பாகை அளவிலேயே பலருக்கு முதுகு குளிரத் தொடங்குகிறது. மார்கழி வாடையில் உங்களுக்கு நேர்ந்ததில் வியப்பில்லை; பழகிப் பார்ப்பதற்குச் சரியான மாதத்தைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள்.

குளிரைத் தடுக்கும் பொருளை உங்களுக்கும் படுக்கைத் துணிக்கும் நடுவில் வைக்காமல், துணிக்கு வெளியே, அதன் அடிவயிற்றோடு தொங்கவிடுவதே இதற்கு வழி. அங்கே அண்டர்குயில்ற் என்ற பெயரில் விற்கிறார்கள். நாங்கள் அடிப்போர்வை என்று சொல்லிக்கொள்வோம். உங்கள் நிறை அதன்மீது விழாததால் அது நசுங்குவதில்லை. இரு முனைகளிலும் எலாஸ்ரிக் கயிறு கோத்து, படுக்கையின் முனைகளிலேயே மாட்டிவிடுவார்கள்.

இதில் பெரும்பாலானோர் தவறவிடுவது பொருத்தத்தை. அடிப்போர்வை துணியிலிருந்து விலகித் தொங்கினால் அந்த இடைவெளிக்குள் காற்று புகுந்து, இருந்தும் இல்லாததாகிவிடும். இழுத்து இறுக்கினால் மறுபடி நசுங்கிவிடும். துணியைத் தொட்டும் தொடாமலும் இருப்பதே அளவு. நீங்கள் ஏறிப் படுத்ததும் இன்னொருவரைக் கூப்பிட்டு, இடுப்புக்குக் கீழே, துணிக்கும் அடிப்போர்வைக்கும் நடுவே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை தாராளமாக உலாவினால் கயிற்றை இறுக்க வேண்டும். விலை கூடிய அடிப்போர்வையை வாங்கிக்கொண்டு இதைச் செய்யாமல் விடுபவர், மலிவானதை வாங்கிச் சரியாகக் கட்டியவரைவிடக் குளிரில் நடுங்குவார்.

முள்ளியவளை வாசகன் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு பாடும் எதற்காக? செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் எங்கள் ஊர்ப்பக்கமாகத்தான் போகிறார்கள். கோயில் மண்டபத்திலும் மரநிழலிலும் ஒரு சாரத்தையோ பாயையோ விரித்துப் படுத்தெழும்பி அவ்வளவு தூரத்தையும் கடக்கிறார்கள். கூடாரத்தை அடித்து நிலத்தில் ஒரு பாயைப் போட்டால் முதுகுக் குளிர் என்ற கேள்வியே எழாது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கீழேயும் மேலேயும் இரண்டு போர்வைகளைச் சுமப்பவருக்குப் பாரத்தில்கூட இலாபம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஓமந்தை மருதமரம் எழுதியது:

பாரத்தில் இலாபம் இல்லை என்பது உண்மைதான். குளிர்காலத்தை நெருங்க நெருங்க, கூடாரத்தோடு ஒப்பிடுகையில் தொங்குபடுக்கைக்காரரின் பையே பாரமாகும். ஆனால் பாத யாத்திரை நடப்பது வைகாசி, ஆனி வெயிலில். அங்கே நிலம் சூட்டைத் தரும். ஒக்ரோபர் ஒன்ராறியோவில் நிலம் அதை வாங்கிக்கொள்ளும். அத்துடன் புறூஸ் ட்ரெயில் செல்வது நயாகரா மலைச்சரிவின் விளிம்பு வழியாக. சுண்ணாம்புப் பாறையும் வேரும் சரிவுமாக இருக்கும் நிலத்தில் ஆறடி சமதரை தேடுவது எப்போதும் எளிதல்ல. இரவு முழுவதும் மழை பெய்தாலும் தொங்குபடுக்கைக்குக் கீழே ஓடும் வெள்ளம் உங்களைத் தொடாது. மரமே இல்லாத பாறைவெளியில் தங்க நேர்ந்தால் கூடாரம்தான் மேல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

புளியங்குளத்தானுக்கு இன்னொரு விடயம். அந்தப் பாதையின் சில பகுதிகள் தனியார் காணிகளுக்குள்ளால் போகின்றன. காணிக்காரர்கள் நடக்க மட்டுமே இடம் தருகிறார்கள். ஆகவே அனுமதிக்கப்பட்ட தங்குமிடங்களில் மட்டுமே இரவு தங்கலாம். மரத்தில் கட்டுவதைச் சில பூங்காக்கள் விரும்புவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும்படி மைத்துனருக்குச் சொல்லுங்கள். கயிற்றை நேரடியாக மரத்தில் சுற்றினால் பட்டை வெட்டுப்படும். அகலமான பட்டி வார் கட்டாயம் வேண்டும்.

அளம்பில் வலைக்காரன் எழுதியது:

வார் பற்றிய பேச்சு வந்ததால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நைலோன் நனைந்தால் நீளும். மாலையில் நைலோன் வாரில் கட்டிய படுக்கை மழை இரவின் நடுவே தொய்ந்து நிலத்துக்கு இறங்கிவிடும். பொலியெஸ்ரர் அவ்வளவு நீளாது. கடையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், கேட்டு வாங்குங்கள்.

கட்டும்போது கயிறு கிடையோடு ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் உங்கள் முழு நிறைக்குச் சமமான இழுவை இருக்கும். துணி தொய்யக் கூடாது என்று 10 பாகைக்கு இழுத்துக் கட்டினால் அந்த இழுவை ஏறத்தாழ மூன்று மடங்காகும். தோளும் நெருக்கப்படும், அடிப்போர்வையும் ஒழுங்காகப் படியாது. தொய்வாகக் கட்டி, துணியின் நடுக்கோட்டுக்குக் குறுக்கே கொஞ்சம் சரிந்து படுத்தால்தான் முதுகு நேராகும்.

மழைநீர் மரத்திலிருந்து வார் வழியாக வழிந்து வந்து படுக்கையை நனைக்கும். படுக்கைக்கு மேலே கட்டும் தறப்பாளின் விளிம்புக்கு உட்பக்கமாக வாரில் ஒரு சிறு பருத்தி நூல் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதன் வழியே சொட்டிவிடும். நனைந்த படுக்கையில் எந்தப் போர்வையும் சூடு தராது என்பதால் இதையும் குளிர்க்காப்பின் ஒரு பகுதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

கிளிநொச்சித் தையல்காரி எழுதியது:

அண்ணா, அடிப்போர்வையை வெளிநாட்டு விலைக்கு வாங்கத் தேவையில்லை, இங்கேயே தைக்கலாம். நீளம் தோளிலிருந்து முழங்கால் வரை போதும். 130 சென்ரிமீற்றர் நீளமும் 120 சென்ரிமீற்றர் அகலமும் உங்களுக்குச் சரியாக வரும். வெளித்துணி காற்றைத் தடுக்க வேண்டும். உள்துணி மூச்சு விட வேண்டும். குடைத்துணி மலிவு என்று இரண்டு பக்கமும் அதையே போட்டால், அதன் பூச்சு உடலின் ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே தேக்கிவிடும். குளிர்ச்சட்டைகளுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் மெல்லிய நைலோன் துணி நல்லது.

உள்ளே எதை வைப்பது என்பதுதான் கேள்வி. இலவம் பஞ்சு வைக்கலாமா என்று எனக்கு முதலில் தோன்றியது. இலவம் இழை உள்ளே குழலாக இருப்பதால் நிறையக் காற்றைப் பிடித்து வைக்கும். மேலே மெழுகுபோன்ற பூச்சு இருப்பதால் தண்ணீரில் எளிதில் ஊறாது. ஒருகாலத்தில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் இலவம் இழைக்கு மீள்திறன் குறைவு. தலையணையில் அது கட்டியாவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். பைக்குள் சுருட்டி அமுக்கி, விரித்து, மறுபடி அமுக்கி என்று தினமும் செய்யும்போது இழைகள் ஒடிந்து, பழையபடி பொங்காது. கட்டிபட்ட இடங்களுக்கு நடுவில் வெறுமை விழும். அந்த வெறுமை வழியாகக் குளிர் நேரே முதுகில் ஏறும். தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்வதும் விரைவு. வீட்டு மெத்தைக்கு இலவம் எனக்கு இன்றும் விருப்பமானதுதான். இந்த வேலைக்கு அதைச் சொல்லமாட்டேன்.

சுருளாக விற்கும் பொலியெஸ்ரர் பஞ்சுத் தகட்டை வாங்கி, அடுக்கி, பொங்கிய நிலையில் 5 சென்ரிமீற்றர் தடிப்புக்குக் குறையாமல் வையுங்கள். அழகுக்காகக் கட்டம் கட்டமாகத் தைக்க வேண்டாம். ஊசி போன கோட்டில் பஞ்சு தட்டையாகி, கோடு கோடாகக் குளிர் ஏறும். விளிம்பைச் சுற்றித் தைத்து, நடுவில் சில இடங்களில் தளர்ந்த தையல் போட்டால் தகடு நகராது. நீளப்பக்க விளிம்புகளில் கயிறு ஓடுவதற்கு மடிப்பு விடுங்கள். முனைகளில் அந்தக் கயிற்றைச் சுருக்கினால் தோள்பக்கத்திலும் முழங்கால்பக்கத்திலும் வாய் மூடி, காற்று உள்ளே புகாது.

புளியங்குளத்தான் எழுதியது:

தங்கச்சி, துணியோடு கிளிநொச்சிக்கு வருவேன், கூலியைச் சொல்லுங்கள். மேலே போர்த்துவதற்கு மைத்துனர் ஓர் உறக்கப் பையை வாங்கி வைத்திருக்கிறார். அதில் இரண்டு வெப்பநிலைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன: ஒன்று 2 பாகை, மற்றது மைனஸ் 4 பாகை. இதில் எதை நம்புவது? வாத்துச் சிறகு நிரப்பிய பை அது.

ஓமந்தை மருதமரம் எழுதியது:

சர்வதேச அளவுமுறையில் அந்த இரண்டுக்கும் பொருள் வேறு. முதலாவது, நியம அளவான ஒரு பெண் தளர்ந்து படுத்து வசதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, நியம அளவான ஓர் ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு நடுக்கமின்றி இரவைக் கழிக்கக்கூடிய எல்லை. வசதியாக உறங்க விரும்பினால் ஆணும் முதலாவதையே பார்க்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வெப்பநிலைகளை அளக்கும் சோதனையில், பைக்குள் வைக்கும் மனித உருவப் பொம்மையை அடியில் பாய் போட்டுத்தான் கிடத்துகிறார்கள். தொங்குபடுக்கையில் அடிப்போர்வை இல்லாமல் படுப்பவருக்கு அந்த இரண்டு எண்களுமே பொருந்தா.

தொங்குபடுக்கைக்குள் உறக்கப் பையின் சிப்பைப் பூட்டுவது பெரும் மல்லுக்கட்டு. முதுகுப் பக்கம் எப்படியும் நசுங்கிப் பயனற்றுப் போவதால், சிப்பைத் திறந்து, கால்களை மட்டும் பைக்குள் விட்டு, மிச்சத்தைப் போர்வைபோல மேலே இழுத்துக்கொள்ளுங்கள். சிறகு நனைந்தால் சுருண்டு, காற்றைப் பிடிக்கும் திறனை இழந்துவிடும். ஒக்ரோபரில் அங்கே மழை சாதாரணம். பையை இரட்டைப் பொலித்தீனுக்குள் சுற்றிக் கொண்டுபோங்கள். பகலில் சிறிது வெயில் கிடைத்தால் உடனே விரித்து உலர்த்துங்கள். தலையைப் பைக்குள் புதைத்து மூச்சு விட வேண்டாம். மூச்சின் ஈரம் முழுவதும் சிறகில்தான் போய்ச் சேரும். தலைக்குக் கம்பளித் தொப்பி போதும்.

மடுவீதி ஓய்வூதியர் எழுதியது:

பௌதிகம் கற்பித்தவன் என்பதால் இடத் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. எவ்வளவு நல்ல போர்வையைக் கொண்டுபோனாலும், படுக்கும் இடம் பிழைத்தால் அதில் பாதி வீணாகிவிடும்.

முகில் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, அடர்த்தி கூடி, பள்ளத்தை நோக்கி வடிகிறது. தை மாத விடியலில் குளக்கட்டில் நின்று பார்த்தால், மூடுபனி தாழ்ந்த வயல்களில்தான் கிடக்கும். கட்டின்மீது காற்று தெளிந்திருக்கும். அங்கேயும் இதே விதிதான். ஓடைக் கரையும் பள்ளத்தாக்கின் அடியும் அழகாக இருக்கும். இரவில் மிகவும் குளிர்வதும் அவைதான். மலைச்சரிவின் உச்சியில் காற்று அடிக்கும். ஆகவே நடுச்சரிவில், காற்று வரும் திசைக்கு மறுபக்கமாகப் படுக்கையைக் கட்டுங்கள். இலை உதிர்ந்த மரத்தைவிட ஊசியிலை மரத்தின் அடி நல்லது. அந்தக் கிளைகள் வானத்தை மறைப்பதால் வெப்ப இழப்புக் குறையும். ஆனால் கட்டுவதற்கு முன் அண்ணாந்து பார்த்து, மேலே பட்ட கிளை தொங்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

ரொபர்மோரியை நெருங்கும்போது புறூஸ் குடாநாடு இருபுறமும் நீரால் சூழப்பட்டிருக்கும். பெரிய ஏரிகளின் நீர் இலையுதிர்காலத்தில் தரையைவிட மெதுவாகவே சூட்டை இழப்பதால், கரையோரத்தில் உறைபனி சற்றுப் பிந்தும். இதை நம்பி, குடாநாட்டின் கிழக்கே உள்ள ஜோர்ஜியன் குடாவின் விளிம்பில் படுக்கக் கூடாது. நீர்மேல் தடையின்றி வரும் காற்று அந்தச் சிறு நன்மையை விழுங்கிவிடும். சில நூறு மீற்றர் காட்டுக்குள் நகர்ந்தால் இரண்டு பக்கமும் தப்பலாம்.

தறப்பாளைத் தாழ்வாக, காற்றுப் பக்கம் நிலத்தைத் தொடுமளவுக்கு இறக்கிக் கட்டுங்கள். எல்லாப் பக்கத்தையும் அடைத்துவிட்டால் உங்கள் மூச்சின் ஈரம் அதன் உட்புறத்தில் படிந்து மேலே சொட்டும். காற்று மறைவான பக்கத்தைச் சிறிது திறந்து விடுங்கள்.

ஒத்திகைக்கு 21 பாகை போதாது என்று நினைத்தால், தை, மாசியில் நுவரெலியாவுக்குச் செல்லலாம். ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்ற கணக்கில், 1868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊர் எங்களைவிட 12 பாகையளவு குளிரானது. தெளிந்த இரவுகளில் புல்லில் உறைபனியும் படியும். தெரிந்தவருடைய வளவு ஒன்றில் கேட்டுக் கட்டுங்கள்.

முள்ளியவளை வாசகன் எழுதியது:

மாஸ்ரர் சொன்னதை ஏற்கிறேன். ஒத்திகை என்று சொல்லிக்கொண்டு எங்கள் காடுகளுக்குள் யாரும் இறங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். பாலையும் வீரையும் படுக்கை கட்டுவதற்கென்றே நின்றாலும், யானை இரவில்தான் நடக்கும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பகுதிகளும் இன்னும் முழுவதும் தீரவில்லை. வீட்டு முற்றம் போதும். அதிலும் தென்னைக்குக் கீழே வேண்டாம், முருங்கையில் கட்டவும் வேண்டாம்.

கிளிநொச்சித் தையல்காரி எழுதியது:

முருங்கையில் கட்டுபவரும் உண்டோ என்று சிரித்துவிட்டேன்.

படுக்கைக்குள் சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பது பற்றி ஒருவரும் எழுதவில்லை. சோடாப் போத்தலில் கொதிநீரை ஊற்றினால் அது நெளிந்துவிடும். உருக்குப் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கி, கவிழ்த்துப் பார்த்து, தடித்த காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்தால் பாதி இரவுக்கு மேல் சூடு நிற்கும். வெறும் உருக்கு தோலில் பட்டால் சுட்டுவிடும். வேர்த்த உடையோடு படுக்காமல், உலர்ந்த உடையும் காலுறையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பசியோடு படுத்தால் குளிரும். பொரிவிளாங்காயோ எள்ளுருண்டையோ சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

ஓமந்தை மருதமரம் எழுதியது:

எள்ளுருண்டை நல்லதுதான், படுக்கையில் வைத்துச் சாப்பிடாமல் தூரத்தில் சாப்பிடுங்கள். புறூஸ் குடாநாட்டில் கருங்கரடி உண்டு. மிச்ச உணவைப் படுக்கையிலிருந்து விலக்கி, அந்த இடத்தின் விதிப்படி பத்திரப்படுத்துங்கள்.

உறைநிலை எதிர்பார்க்கப்படும் இரவில் தண்ணீர் வடிகட்டியையும் கைபேசியையும் உறக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளிருக்கும் நுண்குழல்கள் வெடித்து, வெளியில் எந்த அடையாளமும் காட்டாமல் பழுதாகிவிடும். அடுப்புக்குச் சாதாரண பியூற்றேன் வாயு வேண்டாம். அதன் கொதிநிலை மைனஸ் 0.5 பாகை என்பதால், விடியலில் தேநீர் வைக்கும் நேரத்தில் அது ஆவியாகாது. ஐசோபியூற்றேனும் புறொப்பேனும் கலந்ததை வாங்குங்கள்.

புளியங்குளத்தான் எழுதியது:

அடிப்போர்வை தைத்து முடிந்து, முற்றத்தில் கட்டிப் பார்த்துவிட்டேன். வாடை பலமாக வீசிய இரவிலும் முதுகு குளிரவில்லை. மேலே ஒரு போர்வைகூட மிகையாக இருந்தது. இரண்டு குறைகள் மட்டும் மிச்சம். குதிகாலும் கெண்டைக்காலும் குளிர்கின்றன. தோளுக்கு அருகே ஒரு பக்கத்தில் காற்று உள்ளே வருவது தெரிகிறது. அடிப்போர்வையை இன்னும் நீளமாகத் தைக்க வேண்டுமா?

ஓமந்தை மருதமரம் எழுதியது:

நீளம் கூட்ட வேண்டாம், பாரம்தான் கூடும். நசுங்காத வகை யோகாப் பாயில் 50 சென்ரிமீற்றர் வெட்டி, படுக்கைக்குள் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் போடுங்கள். பகலில் ஈரப் பாறையில் உட்காரவும் அது உதவும். முழு உடலுக்கும் அந்தப் பாயையே போட்டால் ஒரு மாற்றுக் காப்பாக நிற்கும். ஆனால் இரவில் நழுவும், தோள்கள் அதற்கு வெளியே கிடக்கும், முதுகு வேர்க்கும்.

தோள்பக்கக் காற்றுக்குக் காரணம், நீங்கள் குறுக்காகச் சரிந்து படுக்கும்போது அடிப்போர்வை நேராகவே தொங்குவதுதான். தலை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமாக அடிப்போர்வையின் மேல்முனையைக் கையால் இழுத்து நகர்த்தி, கால்முனையை எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். பிறகு தலைப்பக்க விளிம்புக் கயிற்றைச் சுருக்குங்கள். படுக்கையின் கால்பக்கத்தைத் தலைப்பக்கத்தைவிட 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயர்த்திக் கட்டினால், உறக்கத்தில் கீழ்நோக்கி வழுக்கி அடிப்போர்வையை விட்டு விலகிப் போகமாட்டீர்கள். மாசிப் பனி இருக்கும்வரை இதே முற்றத்தில் பொருத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, கயிற்றில் அந்த அளவுகளை மையால் அடையாளமிட்டு வையுங்கள். அங்கே இருட்டில், விறைத்த விரல்களோடு கட்டும்போது அந்தக் குறிகள் தேவைப்படும்.